வரைபடத்தில் தொலைந்த புல்வெளி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இந்தப் பொழிவுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பழனி மலையின் புல்வெளி. அரை நூற்றாண்டாக வானிலிருந்து அதைப் படம்பிடித்துவரும் செயற்கைக்கோள்களும், அந்தப் படங்களைக் கணக்காக மாற்றும் கருவிகளும், கணக்கு சரிதானா என்று மலையேறிப் பார்த்த மனிதர்களும் இதற்குள் வருகிறார்கள்.

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் தவறாமல் இறங்கும் இடங்களில் ஒன்று பைன் காடு. நெட்டுக்குத்தாக நிற்கும் மரங்கள், காலடியில் ஊசி இலைகளின் மெத்தை, நடுவே சாய்ந்து விழும் வெயில். குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு, அசல் காட்டைப் பார்த்துவிட்ட நிறைவோடு திரும்புகிறார்கள். அந்தப் பைன் இந்த மலையில் பிறந்த மரம் இல்லை, கொண்டுவந்து நட்டது. தைல மரமும் அப்படித்தான். சீகை என்று ஊரார் சொல்லும் வாட்டில் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இவை வருவதற்கு முன் அந்தச் சரிவுகளில் பெரும்பாலும் இருந்தது புல்.

மலையின் சொந்த முகம்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டு வரும் கிளை பழனி மலை. அதன் உயர்ந்த பகுதிகளில் இயற்கை இரண்டே நிறங்களில் கோலம் போட்டிருந்தது. தண்ணீர் தேங்கும் மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் கரும்பச்சையாகச் சோலை. காற்றும் உறைபனியும் அடிக்கும் மேடுகளிலும் முகடுகளிலும் புல். இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியது போன்ற எல்லை. நான்கு அடி எடுத்து வைத்தால் பாசி படர்ந்த குட்டை மரங்களின் இருட்டிலிருந்து வெட்டவெளிக்கு வந்துவிடலாம். 'சோலை' என்ற தமிழ்ச் சொல்லையே உலகெங்கும் உள்ள சூழலியல் ஆய்விதழ்கள் இந்தக் காட்டுக்குப் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டன. அதன் இணையான புல்வெளிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

வரையாடு மேய்வது புல்லில். நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை கூடு வைப்பது புல்லுக்குள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி செழித்து வளர்வதும் வெயில் விழும் திறந்த சரிவில்தான். ஒரு திணைக்கே பெயர் கொடுத்த பூ அது. அது மரக்கூட்டத்தின் நிழலில் வாழும் செடி இல்லை என்பதைத் தமிழ் படித்தவர்கள்கூடப் பெரும்பாலும் யோசித்துப் பார்ப்பதில்லை.

தண்ணீர்க் கணக்கும் புல்லோடு சேர்ந்தது. பழனி மலையின் வடக்கே இறங்கும் சண்முகநதி அமராவதியோடு சேர்கிறது; தெற்கே இறங்கும் மஞ்சளாறு வைகைக்குப் போகிறது. மேலே பெய்யும் மழையைப் புல்லும் அதன் அடியில் உள்ள கறுப்பு மண்ணும் பிடித்துவைத்து மெல்ல விடுகின்றன. நீலகிரியில் கிளென்மார்கன் பகுதியில் உதகை மண்வள ஆய்வாளர்கள் இரண்டு நீர்ப்பிடிப்புகளை அக்கம்பக்கமாக வைத்து அளந்தார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் தைல மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டிலேயே தைல மரம் நட்ட ஓடையில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மலைமேல் மரம் வைத்தால் தண்ணீர் பெருகும் என்ற பொதுநம்பிக்கை இந்த நிலத்துக்குப் பொருந்தவில்லை.

ஒரு துறை பிறந்த கதை

ஓர் ஊரை முழுதாகப் பார்க்கக் கோபுரத்தில் ஏற வேண்டும். நிலத்துக்கும் அதுதான் விதி. ஜெர்மானியப் புவியியலாளர் கார்ல் டிரோல் 1937-இல் நங்கா பர்பத் மலைக்குச் சென்ற குழுவோடு போய் அதன் தாவரங்களை வரைபடமாக்கினார். 1939-இல் விமானப் படங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் 'நிலப்பரப்புச் சூழலியல்' என்ற பொருள் தரும் சொல்லை முதன்முதலாகக் கையாண்டார். மேலிருந்து எடுத்த படத்தில் காடும் வயலும் ஓடையும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் ஒழுங்கு தெரிந்தது. ஓர் உயிர் எங்கே வாழ்கிறது என்பதோடு, அந்த இடத்துக்கு அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் ஆய்வுக்கு உரியதாயிற்று.

1967-இல் மெக்கார்தரும் வில்சனும் தீவுகளின் உயிர்ப்புவியியல் பற்றிய தங்கள் கொள்கையை நூலாக வெளியிட்டார்கள். தீவு சிறியதாகவும் பிற நிலத்திலிருந்து தொலைவாகவும் இருக்க இருக்க, அதில் நிலைக்கும் உயிரினங்கள் குறையும் என்பது அதன் சாரம். கடலுக்கு நடுவே உள்ள தீவுக்குச் சொன்னது வயலுக்கு நடுவே மிஞ்சிய காட்டுக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. 1986-இல் ஃபோர்மனும் கோட்ரனும் எழுதிய பாடநூல் நிலத்தை மூன்று உறுப்புகளாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னது: துண்டு, வழித்தடம், இவை இரண்டையும் சூழ்ந்திருக்கும் பின்னணி. பழனி மலையின் உயரங்களில் ஒரு காலத்தில் புல்லே பின்னணி, சோலை அதில் பதித்த துண்டு. இன்று புல் துண்டாகிவிட்டது. இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்பவர்கள் மலைக்கிராமங்களில் உண்டு. அதற்கு அளவு வேண்டுமானால் செயற்கைக்கோளிடம் போக வேண்டும்.

ஒரு படப்புள்ளிக்குள் என்ன இருக்கிறது

நிலத்தைத் தொடர்ந்து கண்காணிப்பதற்கென்றே அமைந்த முதல் செயற்கைக்கோள், பின்னாளில் லேண்ட்சாட் 1 என்று பெயர் பெற்றது, 1972 ஜூலை 23 அன்று ஏவப்பட்டது. சுமார் 900 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 18 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேல் வந்தது. அதன் ஒரு படப்புள்ளி தரையில் ஏறக்குறைய 80 மீட்டருக்கு 80 மீட்டர். நில அளவையில் சொன்னால் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகம். லேண்ட்சாட் 4 முதல் வந்தவற்றின் புள்ளி 30 மீட்டர். அது 22 சென்ட். 2015 முதல் படம் அனுப்பும் ஐரோப்பிய சென்டினல் 2-இன் புள்ளி 10 மீட்டர்; இரண்டரை சென்ட், ஒரு சிறு வீட்டு மனை அளவு. 1988 மார்ச்சில் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ். 1ஏ முதல் இந்தியாவுக்கும் சொந்தக் கண்கள் உண்டு.

இந்தக் கண்கள் மனிதக் கண் காணாத அகச்சிவப்பையும் காண்கின்றன. உயிர்ப்புள்ள இலை சிவப்பு ஒளியை விழுங்கி, அருகு அகச்சிவப்பைத் திருப்பி எறிகிறது. இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது பசுமைக் குறியீடு. ஒரு புள்ளியில் அகச்சிவப்பு 0.40, சிவப்பு 0.05 என்று வந்தால் குறியீடு 0.78, அடர்ந்த தழை. காய்ந்த புல்லில் 0.25, 0.12 என்று வந்தால் குறியீடு 0.35. இவ்வளவு எளிய வகுத்தல் கணக்கில்தான் வேலை தொடங்குகிறது.

தொடங்குகிறது, அவ்வளவே. பூம்பாறையைச் சுற்றியுள்ள சரிவுகளை ஓர் ஆய்வு மாணவர் திரையில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படிப்படியாகக் கட்டிய வயல்களில் மலைப்பூண்டு முளைத்திருக்கிறது. திரையில் அதுவும் வெளிர்பச்சை; பக்கத்துப் புல்வெளியும் வெளிர்பச்சை. சோலையும் வாட்டில் தோப்பும் கரும்பச்சையில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. மலையின் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். ஒரே மரம் இரண்டு பக்கமும் இரண்டு நிறம் காட்டுகிறது. பாதி நாட்கள் மேகம்.

ஆகவே அவர் மேகமில்லாத மாதங்களின் படங்களைத் தேடுகிறார். ஒரே இடத்தின் பல தேதிப் படங்களை அடுக்குகிறார். அறுவடையானதும் வயல் வெறும் மண்ணாகிறது. புல் பொன்னிறமாகக் காய்ந்து, மழை விழுந்ததும் துளிர்க்கிறது. இந்த ஆண்டுச் சுழற்சி வயலையும் புல்லையும் பிரித்துக் கொடுக்கிறது. 2000 பிப்ரவரியில் விண்கலத்தில் சென்ற ரேடார் 11 நாளில் அளந்து தந்த நில உயரங்களைக் கொண்டு வெயில் நிழலைத் திருத்துகிறார். ஒவ்வொரு வகைக்கும் மாதிரி இடங்களைக் குறித்துக் கணினிக்குப் பழக்குகிறார். கணினி மலை முழுவதையும் வகை பிரித்துத் தருகிறது.

இனிதான் மலையேற வேண்டும். கையில் ஜி.பி.எஸ். கருவியோடு, கணினி 'புல்' என்று சொன்ன புள்ளிக்கு நடக்கிறார். அங்கே கேரட் பாத்தி இருந்தால் பிழை. கணினி 'சோலை' என்று சொன்ன இடத்தில் வாட்டில் நின்றால் அதுவும் பிழை. இப்படி நூற்றுக்கணக்கான புள்ளிகளில் சொன்னது என்ன, கண்டது என்ன என்று கட்டம் போட்டு எழுதினால் பிழை அட்டவணை உருவாகிறது. அந்த அட்டவணை இல்லாத வண்ண வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வில் அதற்கு இடமில்லை.

நாற்பது ஆண்டுக் கணக்கு

எம். அரசுமணி, வி. வி. ராபின், இந்த மலையைப் பல்லாண்டு ஒளிப்படமெடுத்துவரும் இயன் லாக்வுட் உள்ளிட்டோர் இந்த வழியில் பழனி மலையை ஆராய்ந்து 2018 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். செயற்கைக்கோள் படங்களையும் களத்தில் சேர்த்த தகவலையும் வைத்து ஏறக்குறைய நாற்பது ஆண்டு மாற்றத்தை அளந்த ஆய்வு அது.

புல்வெளியில் 66 விழுக்காடு போய்விட்டது. சோலையில் போனது 31 விழுக்காடு.

மூன்றில் இரண்டு பங்கு புல்லை ஒரு தலைமுறைக் காலத்தில் மலை இழந்திருக்கிறது. அதுவரை பரவலாகப் பேசப்பட்டதோ, தோப்புகளால் சோலைகள் அழிந்தன என்பதுதான். நீதிமன்றத்திலிருந்து வந்த உத்தரவுகளும் சோலை மரங்களை மீட்கும் திசையிலேயே இருந்தன. அதிக இழப்பு புல்லுக்கு என்பதைப் படங்களின் வரிசை காட்டிக்கொடுத்தது. பரந்து, தொடர்ந்து, மலையின் முதன்மை நிலமாக இருந்த புல்வெளி, மிக அரிதான, மிகச் சிதறிய நிலமாகிவிட்டது.

அந்த ஆய்வில் இன்னொரு நுட்பமும் இருந்தது. புல் வேளாண்மைக்குப் போன விதமும் தோப்புக்குப் போன விதமும் வரைபடத்தில் ஒரே வடிவில் அமையவில்லை. உழவர் நிலத்தை எடுத்தால் அதற்கு ஒரு வரப்பு இருக்கும். மரத்துக்கு வரப்பு கிடையாது. நட்ட தோப்பிலிருந்து விதை சிதறி, புல்லுக்குள் இங்கொன்று அங்கொன்றாக முளைத்து, பிறகு கூட்டமாகிறது. வடிவ வேறுபாட்டுக்கு இந்தப் படையெடுப்பே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலை உயரங்கள் அனைத்தையும் 1973 முதல் 2017 வரை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டபோதும் அதே செய்தி வந்தது. 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி, மொத்தத்தில் 23 விழுக்காடு, அயல் மரங்களுக்குக் கீழே போயிருந்தது. நடவு நின்ற பிறகும் பரவல் நிற்கவில்லை. சோலையோ ஒப்பீட்டளவில் நிலைத்து நின்றது.

துண்டும் விளிம்பும்

எவ்வளவு போயிற்று என்பது பாதிக் கணக்கு. மிச்சம் எந்த வடிவில் இருக்கிறது என்பது மறுபாதி. இதைக் கணக்கிட 1995-இல் கெவின் மெக்கரிகலும் பார்பரா மார்க்ஸும் ஃப்ராக்ஸ்டாட்ஸ் என்ற மென்பொருளைக் கொடுத்தார்கள். துண்டுகள் எத்தனை, சராசரி அளவு என்ன, மிகப் பெரிய துண்டு எவ்வளவு, விளிம்பின் நீளம் எவ்வளவு, ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் தொலைவு என்ன என்பதையெல்லாம் வகை பிரித்த படத்திலிருந்து அது எண்களாக எடுத்துத் தரும்.

ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் இதன் அடிப்படையை யாரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் சதுரமான புல்வெளி, 100 ஹெக்டேர். நாலாபுறமும் தோப்பு. தோப்பின் விதையும் நிழலும் விளிம்பிலிருந்து 100 மீட்டர் உள்ளே பாதிக்கும் என்று கொண்டால், நடுவில் பாதிப்பில்லாமல் நிற்பது 800 மீட்டர் சதுரம், 64 ஹெக்டேர். அதே 100 ஹெக்டேரை நான்கு சதுரங்களாகப் பிரித்து விலக்கி வைத்தால், ஒவ்வொன்றின் நடுவிலும் மிஞ்சுவது 9 ஹெக்டேர், மொத்தம் 36. நூறு துண்டாக்கினால் ஒவ்வொன்றும் 100 மீட்டர் சதுரம். நடு என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் விளிம்பு. மூன்று நிலையிலும் வருவாய்ப் பதிவேட்டில் பரப்பு 100 ஹெக்டேர்தான். நெட்டைக்காலிக்கு அது 64, 36, சுழி.

வழித்தடத்தின் கணக்கு

துண்டுகளை இணைக்கும் வழிக்கும் கணக்கு உண்டு. 2008-இல் பிராட் மெக்ரேயும் உடன் பணியாற்றியவர்களும் மின்சுற்றுக் கோட்பாட்டை நிலத்துக்குப் பொருத்திக் காட்டினார்கள். காடு மின்னோட்டத்துக்குத் தடை குறைந்த கம்பி. நெடுஞ்சாலையும் கட்டடமும் தடை மிகுந்தவை. இரண்டு காடுகளுக்கு நடுவே மின்னோட்டம் விட்டதுபோல் கணக்கிட்டால் எங்கே நெரிசலாகப் பாய்கிறதோ, அங்கேதான் விலங்குகள் கடக்க வேறு வழியில்லாத இடுக்கு இருக்கிறது. யானை வழித்தடங்களை ஆராய்வதில் இத்தகைய கணக்கு இப்போது இயல்பாகிவிட்டது. நீலகிரியின் சீகூர் யானை வழித்தட வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானைகளின் பாதையைக் காப்பதன் பக்கம் தீர்ப்பளித்தது. நிலத்தின் எந்தக் கீற்று எதை இணைக்கிறது என்ற கேள்வி ஆய்வுக்கூடத்திலிருந்து நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. வரையாட்டுக் கூட்டங்களுக்கு நடுவே உள்ள புல் முகடுகளும் அதே கேள்வியோடு காத்திருக்கின்றன.

காடு என்ற சொல்லின் கீழ்

செயற்கைக்கோள் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். எத்தனை வகை கேட்கிறோமோ அத்தனை வகையாகவே நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும். இடம்சார் தரவை நம்பி முடிவெடுக்கும் எல்லோரும் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை நாட்டின் வனப்பரப்பைச் செயற்கைக்கோள் கொண்டு அளந்து வெளியிடுகிறது. அதன் வரையறைப்படி ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அது வனப்பரப்பு. எந்த மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி இல்லை. நாடு முழுவதையும் ஒரே அளவுகோலால் அளக்க அந்த வரையறை பயன்படுகிறது. ஆனால் மன்னவனூர் பக்கத்துச் சரிவில் வாட்டில் ஏறினால் என்ன ஆகும்? புல்லாக இருந்தவரை வனப்பரப்பில் சேராத அந்த நிலம், அயல் மரம் படர்ந்ததும் சேர்ந்துவிடும். மலை இழந்தது கணக்கில் வரவாக ஏறும்.

வருவாய்த் துறையின் பழைய பழக்கமும் இதற்குத் துணை. மரமும் பயிரும் இல்லாத நிலத்துக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்தே தரிசு என்று பெயர். அந்தப் பெயர்தான் தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்குக் கூழ்மரம் வேண்டும் என்றபோது புல்வெளியை 'காலி இடம்' ஆக்கிக் காட்டியது. தோப்பு வைத்தவர்கள் கேடு நினைத்து வைக்கவில்லை. அவர்கள் கையில் இருந்த வரைபடத்தில் புல்வெளி என்ற வகையே இல்லை. மரம் நடுவது நல்லது என்று எண்ணி இன்றைக்கும் மலைச்சரிவைத் தேடி நாற்றுகளோடு வரும் தொண்டர்களுக்கும் அதே வரைபடம்தான் வழிகாட்டுகிறது.

இனி ஆக வேண்டியது

மிச்சமுள்ள நல்ல புல்வெளிகள் எங்கெங்கே என்று 2018 ஆய்வே குறித்துக் கொடுத்திருக்கிறது. முதல் வேலை அவற்றைக் காப்பது. அவற்றின் விளிம்பில் முளைத்திருக்கும் சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்குவது மலிவான வேலை; உள்ளூர் மக்களுக்குக் கூலி தரும் வேலையும்கூட. முற்றிய தோப்புகளை ஒரேயடியாக வெட்டிச் சாய்ப்பது வேறு கதை. வாட்டில் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். மேலே மரம் விழுந்து வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் கிளம்பும். சில பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக வளர்ந்து வருகின்றன. அங்கே கோடரியை வைத்தால் அந்தக் கன்றுகளும் கெடும். எந்தத் தோப்பில் கை வைக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதைத் துண்டு துண்டாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்கு வரைபடமும் வேண்டும், நடையும் வேண்டும்.

2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. வரையாட்டுக்கென்று தனித் திட்டமும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இரண்டும் பயன்தர வேண்டுமானால் வனத்துறையின் வரைபடங்களில் மலைப் புல்வெளி தனி வகையாக இடம்பெற வேண்டும். தைலம், பைன், வாட்டில் தோப்புகள் இயற்கைக் காட்டோடு சேராமல் தனித்தனியாக எண்ணப்பட வேண்டும்.

இதற்குப் பெரும்பணம் தேவையில்லை. ஒரு லேண்ட்சாட் படம் 600 டாலருக்கு விற்ற காலம் உண்டு. 2008-இல் அந்தப் படங்களின் களஞ்சியம் எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. 1972 தொட்டு எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. சென்டினல் படமும் இலவசம். வரைபடம் தயாரிக்க உதவும் கியூஜிஸ் மென்பொருளும் இலவசம். இஸ்ரோவின் புவன் என்ற வரைபடத் தளம் 2009 முதல் திறந்திருக்கிறது. ஒரு கல்லூரியின் புவியியல் துறையோ தாவரவியல் துறையோ, ஒரு கணினியும் ஒரு ஜி.பி.எஸ். கருவியும் கொண்டு தன் மாவட்டத்து நிலத்தின் ஐம்பது ஆண்டு வரலாற்றை எழுதிவிட முடியும்.

இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். கூக்கால், கவுஞ்சி, மன்னவனூர், பேரிஜம் பக்கங்களில் எஞ்சிய புல்வெளி ஒவ்வொன்றையும் அதற்குள் திரையில் அளந்து, கால்நடையாகப் போய்ச் சரிபார்த்து, ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயரைக் கேட்டு வரைபடத்தில் எழுதுங்கள். எழுதியதை வனத்துறையிடமும் ஊராட்சியிடமும் கொடுங்கள்.